தம்பிக்கு 34 வயசு: கற்றல் இடர்பாடு உள்ள பெரியாக்களை விளங்கிக்கொள்ளவும் சேவை தேடவும் கொழும்பில இருந்து ஒரு முழு வழிகாட்டி

பம்பலப்பிட்டி கோயில்ல அர்ச்சனைத் தட்டோட நிக்கிறம். ஐயர் என்னைப் பாத்து "தம்பின்ட நட்சத்திரம் என்னம்மா?" எண்டு கேக்கிறார், நான் வாய் திறக்க முந்தியே பக்கத்தில நிண்ட தம்பி சத்தமா "உத்திரட்டாதி, மீன ராசி" எண்டுறான். ஐயர் சிரிச்சார், ஆனா அடுத்த கேள்வியையும் என்னட்டத்தான் கேட்டார்.

தம்பிக்கு டவுன் சின்ட்ரோம். அப்பா இல்லை, அம்மாவுக்கு 71, நான் வேலைக்குப் போறன், வெள்ளவத்தையில ஃபிளட் ஒண்டில மூண்டு பேரும் இருக்கிறம். சின்னப்பிள்ளையா இருக்கேக்க அவனுக்கு ஸ்கூல் இருந்தது, ஸ்பீச் தெரபி இருந்தது, பாக்கிற ஆக்கள் எல்லாம் கன்னத்தைக் கிள்ளிட்டுப் போவினம். பதினெட்டுத் தாண்டின கையோட ஒவ்வொண்டா நிண்டு போச்சு. ஆனா ஆள் இருக்கிறான், தாடி வளருது, சம்பளம் வேணுமெண்டு கேக்கிறான், கலியாணவீட்டுக்குப் போனா தனக்கு எப்ப எண்டு கேக்கிறான். இப்பிடி ஒரு பெரிய ஆள் வீட்டில இருக்கிற ஆக்களுக்காகத்தான் இதை எழுதுறன், நாங்கள் தட்டுத் தடுமாறிப் படிச்ச ஒழுங்கிலயே.

படி 1: என்ன பிரச்சினை எண்டு முதல்ல பிரிச்சு விளங்குங்கோ

எங்கட ஆக்கள் எல்லாத்தையும் ஒரே சாக்குக்குள்ள போட்டுக் கட்டிடுவினம். "மூளை வளர்ச்சி இல்லை", "புத்தி கொஞ்சம் குறைவு", இன்னும் மோசமான சொல்லுகளும் இருக்கு, அதை நான் இங்க எழுதேல்ல.

வாசிக்கிறது, எழுதுறது, கணக்கு மட்டும் கஷ்டம், மற்றபடி எல்லாம் சரி எண்டா அது டிஸ்லெக்சியா மாதிரி ஒண்டு, அந்த ஆள் பெரிய கம்பனியே நடத்தலாம். நான் இங்க கற்றல் இடர்பாடு எண்டு கதைக்கிறது மற்றதைப் பற்றி, இங்கிலிஷில intellectual disability எண்டுவினம்: புதுசா ஒண்டை விளங்கிறது, காசு நேரம் கணக்குப் பாக்கிறது, தனியப் பயணம் போறது, ஆபத்தைக் கண்டுபிடிக்கிறது எண்டு அன்றாட வாழ்க்கை முழுக்கத் துணை தேவைப்படுகிற நிலை. டொக்டர்மார் பாக்கிறது மூண்டு விஷயம். ஐ.கியூ கிட்டத்தட்ட 70க்குக் கீழ, அன்றாட வேலைகள்ல உண்மையான கஷ்டம், இது ரெண்டும் வளர்ற வயசிலயே தொடங்கியிருக்க வேணும். நம்பரை மட்டும் பாத்து ஆளை அளக்கிறதில பிரயோசனம் இல்லை, ஒரே ஐ.கியூ உள்ள ரெண்டு பேரில ஒராள் தனிய பஸ் ஏறுவார், மற்றவருக்கு செருப்புப் போடவும் உதவி வேணும்.

இது மனநோயும் இல்லை. மனநோய் எந்த வயசிலயும் வரலாம், மருந்தோட குறையலாம், இது அப்பிடி மருந்தால போறதில்லை. ஆனா கற்றல் இடர்பாடு உள்ள ஆளுக்கு அதுக்கு மேலால மனச்சோர்வோ பதட்டமோ வரலாம், அதுக்கு வைத்தியம் இருக்கு. காரணங்களும் கனக்க: டவுன் சின்ட்ரோம் மாதிரி குரோமோசோம் விஷயம், பிறக்கேக்க ஒக்சிஜன் குறைஞ்சது, மூளைக்காய்ச்சல், தைரொய்ட் குறைபாட்டைக் குழந்தையில கண்டுபிடிக்காம விட்டது. கன பேருக்குக் காரணமே தெரிய வராது. போன பிறப்பு, செய்வினை, அம்மா கிரகணத்தில வெளிய வந்தது எண்டு சொல்லுற மாமிமாருக்குத் தேத்தண்ணி குடுத்து அனுப்பிவிடுங்கோ.

படி 2: ஒரு கிழமை அவையின்ட நாளை எழுதுங்கோ

சேவை தேட முந்தி இதைச் செய்யுங்கோ, தயவுசெய்து. ஒரு சிஆர் கொப்பி எடுத்து, காலமை எழும்பினதில இருந்து படுக்கும் வரைக்கும் என்ன செய்யிறார், எது தானாச் செய்யிறார், எதுக்குச் சொல்லிக் குடுக்க வேணும், எதை நீங்கள் அவசரத்தில பறிச்சுச் செய்யிறியள் எண்டு ஏழு நாள் எழுதுங்கோ.

நான் எழுதேக்க வெக்கமாப் போச்சு. தம்பிக்குச் சேட் பட்டன் போடத் தெரியும், நாலு நிமிஷம் பிடிக்கும், அவ்வளவுதான். எனக்கு ஒஃபிசுக்கு நேரமாகுதெண்டு பத்து வருஷமா நானே போட்டுவிட்டிருக்கிறன். பின்னேரம் ரெண்டில இருந்து அஞ்சு வரைக்கும் கொப்பியில ஒரே சொல்லுத்தான் ஏழு நாளும் இருந்தது: "டிவி". அந்த மூண்டு மணித்தியாலம்தான் எங்கட வீட்டின்ட உண்மையான சேவைத் தேவை, நாங்கள் அதுவரைக்கும் தேடித் திரிஞ்சது இன்னொரு ஸ்பீச் தெரபிஸ்டை.

இப்ப எங்கட வீட்டில தேவை மாறிட்டு. அஞ்சரைக்குத் தம்பிதான் பாண் வாங்கப் போவான். லேனால இறங்கி, ரோட் கடக்காம, முனைக் கடைக்கு. முதல் கிழமை நான் கூடப் போனன், ரெண்டாம் கிழமை பத்தடி பின்னால, பிறகு கேற்றடியில நிண்டு பாத்தன். காசு எண்ணத் தெரியாது, அதால ஒரு சின்ன பேர்சில பாணுக்கு அளவான காசை மட்டும் அம்மா வச்சு விடுவா. கடை முதலாளிக்கு ரெண்டு வார்த்தை சொல்லி வச்சம், அவர் இப்ப இவனைக் கண்டா "மல்லி, பாண்?" எண்டுவார் (மல்லி எண்டா சிங்களத்தில தம்பி), இவன் "போறணையால இப்ப வந்ததா?" எண்டு திருப்பிக் கேப்பான். பாண் பழசெண்டா வாங்காம வந்திடுவான், அதுக்கு அம்மாட்டப் பேச்சும் வாங்குவான்.

அந்த ஒரு கிழமைக் குறிப்பை வச்சு ஒரு பக்கத்தில "என்னைப் பற்றி" எண்டு எழுதி, அவையின்ட படமும் ஒட்டி வையுங்கோ. என்ன பிடிக்கும், எதுக்குப் பயம், நோ வந்தா எப்பிடிக் காட்டுவார், என்ன மருந்து, எந்த பாஷை விளங்கும். தமிழிலயும் சிங்களத்திலயும் எழுதுங்கோ, ஆஸ்பத்திரி வாட்டில நேர்ஸ் மாறி மாறி வரேக்க அந்த ஒரு பேப்பர்தான் கதைக்கும்.

படி 3: அவையோட நேராக் கதைக்கப் பழகுங்கோ

சின்ன வசனம். ஒரு நேரத்தில ஒரு விஷயம். கேட்டுட்டுப் பொறுக்கிறது, இதுதான் எங்கட ஆக்களுக்குக் கஷ்டமான வேலை, மனசுக்குள்ள பத்து வரைக்கும் எண்ணுங்கோ. "என்ன சாப்பிடப் போறாய்?" எண்டா தம்பி முழிப்பான், "இடியப்பமா புட்டா?" எண்டா பட்டெண்டு பதில். கதைக்காத ஆக்களுக்குப் படத்தைக் காட்டலாம், சாமானைக் கையில குடுக்கலாம்.

ஒண்டு கவனிக்க வேணும், "ஓம்" எண்டு சொல்லுறது எல்லாம் ஓம் இல்லை. எங்களைச் சந்தோஷப்படுத்தத் தலையாட்டுற பழக்கம் இவைக்கு நிறைய, வாழ்க்கை முழுக்க அப்பிடித்தானே பழக்கினம். அதால கேள்வியைத் திருப்பிப் போட்டுக் கேட்டுப் பாருங்கோ: "இண்டைக்குக் கிளினிக் போவமா?" "ஓம்." "இண்டைக்கு வீட்ட நிப்பமா?" "ஓம்." அப்ப விளங்கேல்ல எண்டு அர்த்தம்.

படி 4: பேப்பர் வேலை

இதுக்கு ஒரு பெட்டிஃபைல் வாங்குங்கோ, ஏனெண்டா ஒவ்வொரு கவுண்டரிலயும் அதே போட்டோ கொப்பியைத்தான் திருப்பித் திருப்பிக் கேப்பினம்.

முதலாவது ஐடென்டி கார்ட். "இவனுக்கு என்னத்துக்கு" எண்டு எடுக்காம விட்ட குடும்பங்கள் எனக்குத் தெரிஞ்சே நாலு இருக்கு. அது இல்லாட்டி வங்கிக் கணக்கு இல்லை, கொடுப்பனவு சிக்கல், ஓட்டும் சிக்கல். கையெழுத்துப் போடத் தெரியாட்டி பெருவிரல் அடையாளம் போடலாம்.

ரெண்டாவது மெடிக்கல் ரிப்போட். சின்ன வயசில எடுத்த பழைய ரிப்போட் எல்லாத்தையும் தேடி எடுங்கோ, பெரிய வயசில புதுசா எழுதிற டொக்டருக்கு இது சின்னனில இருந்தே இருக்கிற நிலை எண்டு காட்ட அது உதவும்.

பிறகு கிராம சேவகர், நாங்கள் இன்னும் ஜீஎஸ் எண்டுதான் சொல்லுறது. அவரிட்ட வதிவிடக் கடிதம் எடுத்துக்கொண்டு பிரதேச செயலகத்துக்குப் போங்கோ, வெள்ளவத்தை பம்பலப்பிட்டி ஆக்களுக்குத் திம்பிரிகஸ்யாய, கொட்டாஞ்சேனை கொச்சிக்கடை ஆக்களுக்குக் கொழும்பு, தெகிவளைக்குத் தெகிவளையிலயே இருக்கு. அங்க நீங்கள் தேட வேண்டிய ஆள் சமூக சேவை உத்தியோகத்தர். வெளிக்களத்துக்குப் போற நாளில போனா வெறுங்கதிரையைத்தான் பாப்பியள், அதால முந்தின நாள் கோல் எடுத்துக் கேட்டுட்டுப் போங்கோ.

இயலாமையுள்ள ஆக்களுக்கு அரசாங்கம் குடுக்கிற மாதக் கொடுப்பனவை 2025 பட்ஜெட்டில 7,500 ரூபாவில இருந்து 10,000 ஆக்கினவை. குடும்ப வருமானத்தையும் பாத்துத்தான் தெரிவு, இயலாமை இருக்கிற எல்லாருக்கும் தானா வராது. தேசிய செயலகம் எண்டு மாற்றுத்திறனாளிகளுக்கு ஒண்டு இருக்கு, அவை சுயதொழில், வீடு திருத்த, வைத்தியச் செலவு எண்டு சில உதவி குடுக்கிறவை, அதுக்கும் வழி பிரதேச செயலகத்தாலதான். அப்பாவோ அம்மாவோ அரசாங்க உத்தியோகத்தில இருந்து பென்ஷன் எடுத்தவை எண்டா இன்னொண்டையும் விசாரியுங்கோ: விதவைகள் அநாதைகள் ஓய்வூதியத்தில இயலாமையுள்ள பிள்ளைக்கு வயசு எல்லை தாண்டியும் குடுக்கிற ஏற்பாடு இருக்கு. பெற்றார் உயிரோட இருக்கேக்கயே ரிப்போட்களைச் சரியா வச்சிருக்கிறது நல்லம், இயலாமை எப்ப தொடங்கினது எண்டு பிறகு நிரூபிக்கிறது பெரும்பாடு.

பாஷைப் பிரச்சினையை ஒளிச்சு என்ன. நான் முதல் தரம் போன ஒரு ஒஃபிசில தந்த ஃபோம் முழுக்கச் சிங்களம், எனக்குக் கதைக்க வரும், எழுத வராது. "தெமள ஃபோம்", அதாவது தமிழ் ஃபோம் கேட்டன், இல்லை, பிறகு வாங்கோ எண்டினம். பிறகு போகேல்ல, அங்கேயே நிண்டன். தமிழில எழுதிக் குடுக்கவும் தமிழில பதில் வாங்கவும் அரசியலமைப்பே உரிமை தந்திருக்கு, அதைச் சண்டை பிடிக்காம, ஆனா கதிரையை விட்டு எழும்பாமச் சொல்லுங்கோ. அரை மணித்தியாலத்தில உள்ளுக்கு அலுமாரியில இருந்து ஒரு தமிழ் ஃபோம் வந்தது, தூசி தட்டித் தந்தினம்.

சட்டத்தில என்ன இருக்கு எண்டும் கொஞ்சம் தெரிஞ்சு வையுங்கோ. 1996ம் ஆண்டின் 28ம் இலக்கச் சட்டம், இயலாமை எண்ட காரணத்தால வேலையிலயோ படிப்பிலயோ பாகுபாடு காட்டக்கூடாது எண்டுது. இயலாமையுள்ள ஆக்களின்ட உரிமைகள் பற்றின ஐ.நா. உடன்படிக்கையை இலங்கை 2016 பெப்ரவரியில ஏற்றுக்கொண்டது, அதின்ட 19ம் உறுப்புரை ஆர் எங்க ஆரோட வாழ்றது எண்டு அந்த ஆளே தெரிவு செய்யலாம் எண்டு சொல்லுது. பேப்பரில இருக்கிறதுக்கும் கவுண்டரில நடக்கிறதுக்கும் இடையில காலி ரோட் அளவு தூரம்தான், எண்டாலும் கடிதம் எழுதேக்க சட்ட இலக்கத்தைப் போட்டா பதில் கொஞ்சம் கெதியா வரும், இது என்ட அனுபவம்.

படி 5: உடம்பு

போன வருஷத்துக்கு முதல் வருஷம் தம்பி திடீரெண்டு தன்ட கன்னத்தில தானே அடிக்கத் தொடங்கினான். சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளுறான், இரவில நித்திரை இல்லை. ஒரு டொக்டரிட்டக் காட்டினம், வாயைத் திறந்துகூடப் பாக்கேல்ல, "இவையளுக்கு இப்பிடித்தான், வயசு போகேக்க முரட்டுத்தனம் வரும்" எண்டு அமத்துற மருந்து எழுதித் தந்தார். ஒரு மாசம் பிள்ளை சோந்து போய்க் கதிரையில கிடந்தான். அம்மாதான் ஒரு நாள் பல்லு விளக்கிவிடேக்க கண்டா, கடவாய்ப் பல்லடியில சீழ் கட்டி வீங்கியிருக்கு. பல்லைப் பிடுங்கின மூண்டாம் நாள் அடிக்கிறது நிண்டது.

அதால என்ட முதல் விதி: நடத்தை மாறினா முதல்ல உடம்பைப் பாருங்கோ. பல்லு, காது, வயிறு. மலச்சிக்கல் எண்டது சின்ன விஷயம் மாதிரி இருக்கும், இவைக்கு அது ஆபத்தாவே போகலாம். காதுக்குள்ள குறும்பி அடைச்சதால "சொல்லுக் கேக்கிறான் இல்லை" எண்டு பேச்சு வாங்கின ஆக்களும் இருக்கினம். பிறகு வலிப்பு, புதுசாத் தொடங்கின மருந்து, வீட்டில நடந்த மாற்றம். அப்பா செத்த பிறகு ஆறு மாசம் கழிச்சுத் தம்பி படுக்கையை நனைக்கத் தொடங்கினான், நாங்கள் அவனைச் செத்தவீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகாம அயல்வீட்டில விட்டிருந்தம், "அவனுக்கு விளங்காது" எண்டு. அவனுக்கு விளங்கினது அப்பா சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டார் எண்டதுதான்.

அமத்துற மருந்து சில பேருக்கு உண்மையில தேவை, நான் மருந்துக்கு எதிரி இல்லை, நீங்களா நிப்பாட்டவும் வேண்டாம். ஆனா எதுக்குத் தாறியள், எவ்வளவு நாளைக்கு, எப்ப திருப்பிப் பாப்பியள் எண்டு மூண்டு கேள்வி கேளுங்கோ. தேவையில்லாம இந்த மருந்துகள் குடுக்கிறதைக் குறைக்க வேணுமெண்டு இங்கிலாந்தில 2016இல ஒரு இயக்கமே தொடங்கினவை.

டவுன் சின்ட்ரோம் எண்டா தைரொய்டை ஒவ்வொரு வருஷமும் பாக்க வேணும், கண்ணும் காதும் ஒழுங்காப் பாக்க வேணும், பாதிப்பேருக்குக் கிட்டப் பிறக்கேக்கயே இருதயத்தில ஏதாவது இருக்கும். 40 தாண்டினா மறதி நோய் மற்ற ஆக்களை விடக் கன முந்தி வரலாம், தெரிஞ்ச வழி மறக்கிறது, பட்டன் போட மறக்கிறது மாதிரி. அதுக்குத்தான் படி 2 கொப்பி பிறகும் உதவும், முந்தி என்ன செய்தவர் எண்டு எழுத்தில இருக்கும்.

லண்டன்ல என்ட மச்சாள்ன்ட மகனுக்கு 14 வயசில இருந்து வருஷத்துக்கு ஒருக்கா ஜீபி (குடும்ப டொக்டர்) கூப்பிட்டு முழு செக்கப் செய்யிறவை. இங்க ஆரும் கூப்பிட மாட்டினம், சிறுவர் ஆஸ்பத்திரியில கிளினிக் காட்டின பிள்ளையைப் பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி ஒரு துண்டு தருவினம், அங்க போனா எந்தக் கிளினிக் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. நாங்கள் அவன்ட பிறந்த மாசத்தை செக்கப் மாசமா வச்சிருக்கிறம்: ரத்தம், பல்லு, கண், காது, நிறை. அவசரத்துக்கு 1990 அம்புலன்ஸ், மனநிலை சம்பந்தமாக் கதைக்க 1926.

படி 6: பகல்ல என்ன செய்யிறது

இதுதான் கொழும்பின்ட பெரிய ஓட்டை. சின்னாக்களுக்கு சித்ரா லேன் விசேட பள்ளிக்கூடம் மாதிரி இடங்கள் இருக்கு, பெரியாக்களுக்குத் தமிழில பகல் நேர நிலையம் தேடினா விரல் விட்டு எண்ணுறதுக்கே விரல் மிஞ்சும். தொழிற்பயிற்சிக்கு சமூக சேவைகள் திணைக்களத்தின்ட நிலையம் சீதுவையில இருக்கு, தங்கிப் படிக்கலாம், பெரும்பாலும் சிங்களச் சூழல். நாடகம், ஆட்டம் விருப்பமான ஆளெண்டா சுனேரா பவுண்டேஷன் 2000ம் ஆண்டில இருந்து அப்பிடியான பட்டறை நடத்துது, விளையாட்டெண்டா ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ்.

போய்ப் பாக்கேக்க சுவரில ஒட்டியிருக்கிற படத்தைப் பாக்காதேங்கோ. உள்ளுக்கு இருக்கிற பெரியாக்களுக்கு என்ன குடுத்திருக்கினம் எண்டு பாருங்கோ, 40 வயசு மனுசனிட்ட யானைப் படத்துக்குக் கலர் அடிக்கக் குடுத்திருந்தா அடுத்த இடத்துக்கு நடையைக் கட்டுங்கோ. டொய்லட் கதவு பூட்டுப்படுதா எண்டும் பாருங்கோ. சொல்லாமக் கொள்ளாம ஒரு நாள் போங்கோ.

வேலை? அரசாங்க வேலையில 3 வீதம் இயலாமையுள்ள ஆக்களுக்கு எண்டு 1988இலயே சுற்றுநிருபம் வந்தது. ஆனா அதுக்கும் படிப்புத் தகுதி வேணும், எங்கட பிள்ளைகளுக்கு அது எட்டாத கொய்யாக்காய். எட்டுறது தெரிஞ்ச ஆக்களின்ட கடை, பிரஸ், கேட்டரிங். முழு நாள் கேக்காதேங்கோ, ரெண்டு மணித்தியாலம், ஒரே வேலை, ஒரே ஆள் சொல்லிக் குடுக்கட்டும் எண்டு கேளுங்கோ. தம்பி இப்ப கிழமைக்கு மூண்டு நாள் அம்மாவின்ட சிநேகிதி ஒராளின்ட மிளகாய்த்தூள் பக்கட்டுக்கு லேபல் ஒட்டுறான். சம்பளம் கவர்ல போட்டு அவன்ட கையிலதான் குடுக்க வேணும் எண்டு முதலே சொல்லிட்டம், அம்மாட்டக் குடுத்தா அது அவன்ட சம்பளம் இல்லை.

படி 7: கதைக்க வெக்கப்படுற பகுதி

பெரிய உடம்பு, பெரிய ஆசைகள். "குழந்தை மனசு" எண்டு சொல்லிச் சொல்லி அதை மூடி வைக்கிற வீடுகள்லதான் துஷ்பிரயோகம் நடந்தாலும் வெளிய தெரியாமப் போகுது, ஏனெண்டா அந்த ஆளுக்கு உடம்பு உறுப்புக்குப் பேர்கூடச் சொல்லிக் குடுத்திருக்க மாட்டம். பேர் சொல்லிக் குடுங்கோ. எந்த இடத்தை ஆர் தொடலாம், எது அறைக்குள்ள கதவு சாத்திச் செய்யிற விஷயம், "வேண்டாம்" எண்டு சொன்னா அம்மா கோவிக்க மாட்டா, இதெல்லாம். பொம்பிளைப் பிள்ளைகளுக்கு மாதவிடாயைப் பற்றி வர முந்தியே சொல்ல வேணும். திடீரெண்டு ஒராளைக் கண்டு பயப்பட்டா, உடுப்புக் கழட்ட விடாட்டி, புதுசா காசோ சாமானோ கையில இருந்தா விசாரியுங்கோ, "சொந்தக்காரர்தானே" எண்டு விடாதேங்கோ. பெண்களுக்கு 1938, பொலிசுக்கு 119.

படி 8: அம்மாவுக்குப் பிறகு

1980களின்ட தொடக்கத்தில அமெரிக்காவில டவுன் சின்ட்ரோம் உள்ள ஆளின்ட சராசரி ஆயுள் 25 வயசளவிலதான் இருந்தது, இப்ப 60க்குக் கிட்ட. முந்தி அம்மா பிள்ளையைப் பறிகுடுத்தா, இப்ப பிள்ளை அம்மாவைப் பறிகுடுக்கப் போகுது. இதுக்கு எங்கட குடும்பங்கள்ல பழைய வழி எண்டு ஒண்டும் இல்லை. "அக்கா பாப்பா" எண்டு எல்லாரும் சொல்லுவினம், அக்காவைக் கேட்டுச் சொல்லுறேல்ல.

காசையும் வீட்டையும் பற்றி நொத்தாரிசிட்டக் கதையுங்கோ. வீட்டை ஆரின்ட பேரில எழுதினாலும் அதில அவைக்குச் சீவிய உரித்து (உயிரோட இருக்கும் வரைக்கும் அந்த வீட்டில இருக்கிற உரிமை) வைக்கலாம், மரணசாசனத்தில அவையின்ட பங்கை ஆர் பாக்கிறது எண்டு எழுதலாம். மாவட்ட நீதிமன்றத்தில போய் "சித்த சுவாதீனம் இல்லாதவர்" எண்டு சொல்லி சொத்தைப் பாக்க ஆள் நியமிக்கிற வழியும் இருக்கு, ஆனா அவசரப்பட்டு அதுக்குள்ள இறங்காதேங்கோ: அப்பிடி ஒரு தீர்ப்பு வந்தா அரசியலமைப்பின்படி அவை வாக்காளரா இருக்கிற தகுதியையே இழக்கிறவை. இதை எங்களுக்கு ஆரும் சொல்லேல்ல, தற்செயலாத்தான் தெரிய வந்தது. தம்பி ஒவ்வொரு எலெக்ஷனுக்கும் புதுச் சேட் போட்டுக்கொண்டு போறவன், மையைக் கழுவ விடமாட்டான். உதவி தேவையெண்டா கூட ஒராளைக் கூட்டிக்கொண்டு போகவும் 2011இல சட்டம் வந்தது, அதுக்கு முன்கூட்டியே சான்றிதழ் எடுத்து வைக்க வேணும்.

வெளிநாட்டில சகோதரங்கள் இருந்தா காசு அனுப்பச் சொல்ல முந்தி நேரத்தைக் கேளுங்கோ. எங்கட அண்ணா கனடாவில, ஒவ்வொரு ஞாயிறும் வீடியோ கோல்ல தம்பியோட மட்டும் இருபது நிமிஷம், நாங்கள் எட்டிப் பாக்கக்கூடாது எண்டு ஒப்பந்தம். வருஷத்தில ஒரு தரம் அம்மாவை ஒரு கிழமை எங்கயாவது அனுப்புங்கோ, அவவுக்கு ஓய்வு, உங்களுக்கு ஒத்திகை.

ஆள் மாறுறதையும் ஒத்திகை பாக்க வேணும், செத்தவீட்டண்டைக்குப் பெட்டியும் கையுமாப் புது வீட்டுக்குக் கொண்டு போய் விடுறது கொடுமை. நாங்கள் வத்தளையில இருக்கிற பெரியம்மா வீட்டில தொடங்கினம். முதல் மாசம் பகல்ச் சாப்பாடு மட்டும், பிறகு பின்னேரம் வரைக்கும். பெட்டிஃபைலின்ட ரெண்டாவது கொப்பி, மருந்து அட்டவணை, அவன்ட தலகணி எல்லாம் அங்க போயிட்டு. போன சனிக்கிழமை முதல் தரமா இரவு தங்கினான். எட்டு மணிக்குப் போன் வந்தது, அம்மா பதறிப் போய் எடுத்தா.

"அம்மா, பாண் ஆர் வாங்கினது?"

அக்கா வாங்கினவா எண்டா அம்மா. புதுப் பாணோ எண்டு கேட்டிட்டு வச்சிட்டான்.